தம்பியின் பெயரில் ஒரு சீட்டு

1996 நவம்பர் 16, சனி

இன்று சங்கத்தின் அதிர்ஷ்டலாபச் சீட்டுக் குலுக்கல். அதற்கான நகரசபை அனுமதிப் பத்திரத்தில் சங்கத்தின் சார்பில் என் கையெழுத்து. நடத்துகிறவர்களும் வீட்டாரும் சீட்டு வாங்கக்கூடாது என்று கூட்டத்தில் வாசித்தவனும் நான்தான். ஆனாலும் என் கடையில் மிஞ்சிய ஒரு சீட்டைக் காசு போட்டு எடுத்து, நான் விட்டு வந்த ஊரில் காணாமல் போன தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். எது வாங்கினாலும் அவனுக்கும் ஒன்று வாங்குவது என் வழக்கம்.

முதல் பரிசான டிவி அதற்கே விழுந்தது.

"சிவநேசன். போன் நம்பரும் இல்லை. உங்கட கடையில வித்தது. ஆர் அண்ணை உது?" என்று செயலாளர் மைக்கில் கேட்டார்.

"தெரியாது. வேற ஒண்டை எடும்."

எடுத்தார். ஓர் அன்ரிக்கு டிவி போனது. நானும் கை தட்டினேன்.

அந்தச் சீட்டின் மறுபாதி என் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கவென்று மனைவி சட்டையைக் கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.