தெரிந்தவர் முகம்

1996 ஜூலை 8, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் இன்று இரண்டு பெண்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலோரம் இருந்தவளைப் பார்த்து, "ஷ்ரேயா, போர்டுக்கு வா" என்றேன். எழுந்து வந்தவள் அதீபா. வகுப்பே சிரித்தது. "மிஸ், ஷ்ரேயா பின்னாடி கீறா" என்று யாரோ வேண்டுமென்றே கொச்சையாகச் சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு. இடம் மாறக் கூடாது என்பது ஜூன் மாதமே நான் சொன்ன சட்டம். இருவரையும் மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன்.

ஆசிரியர் அறையில் எனக்கு 'மிலிட்டரி சம்பகம்' என்று பெயர். இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே இரட்டைப் பின்னல், ஒரே வெள்ளை ரிப்பன். இடமும் மாறினால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 14, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று பெசன்ட் நகர்க்காரர்கள் இன்றே என் மகள் வகுளாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பரத்வாஜ், அவன் அப்பா, அம்மா கோமளம். கோமளத்துக்குக் கனத்த குரல். மாம்பழ நிறப் பட்டு, தங்க ஃப்ரேம் கண்ணாடி, கொண்டையில் கனகாம்பரம். மனதில் குறித்துக்கொண்டேன். வகுளாவுக்குப் பிடித்திருக்கிறது. கேட்காமலே தெரிந்தது. பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு போனவள் சமையலறையில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு.

ஜூலை 28, ஞாயிறு

தி. நகர். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். வகுளா பில் போடும் இடத்தில் நின்றாள். கடைப் பெண்கள் எல்லோரும் அரக்கு நிறத்தில் ஒரே மாதிரிப் புடவை. கண்ணாடி பதித்த தூண் பக்கம் ஒரு அம்மாள் எதிரே வந்தாள், ஒதுங்கி வழி விட்டேன், அவளும் ஒதுங்கினாள். என் பிம்பம்தான். இது எனக்குப் புதிதில்லை.

பிறகு அரக்குப் புடவையில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்ததை நீட்டி, "இதே கரை போட்டு மயில் கழுத்துக் கலர்ல இருக்காம்மா? எடுத்துப் போடு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். வாடிக்கையாளரிடம் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன்.

வகுளா ஓடி வந்தாள். "அம்மா, அவாகிட்ட என்ன சொன்னே? கோமளம் மாமி ஏன் அப்படிப் போறா?"

கண்ணாடி போடவில்லை. கொண்டை இல்லை, பின்னல். நான் எப்படி—

பின்னால் ஓடினேன். கூட்டத்தில் யாரைத் தேடுவது?

ஜூலை 31

ஜாதகம் கொண்டுவந்த தேசிகன் மாமா வந்தார். காபியைத் தொடவில்லை. "சம்பந்தியம்மாவைக் கடைக்காரின்னு நினைச்சுண்டு புடவையை எடுத்துப் போடச் சொன்னியாமே? இந்தத் தலைக்கனம் பிடிச்ச ஆத்துலயா பொண்ணெடுக்கறதுன்னு கேக்கறா. யோசிச்சுச் சொல்றாளாம்."

'யோசிச்சுச் சொல்றோம்' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

இவர், வகுளாவின் அப்பா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டில் மோருக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார்.

ஆகஸ்ட் 3

வகுளா வெடித்துவிட்டாள். "நீ எப்பவுமே இப்படித்தான்! அஞ்சாங்கிளாஸ்ல ஸ்கூல் டான்ஸுக்கு மேக்கப் போட்டுண்டு வாசல்ல நின்னேன். என்னைப் பாத்துண்டே தாண்டிப் போனே. நான் நன்னா ஆடலைன்னு உனக்கு வெக்கமா இருக்குன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சிண்டிருக்கேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் போய், எல்லாக் குழந்தைகளையும் பார்த்து, "வகுளா எங்கே?" என்று கேட்டேன். அவள் அங்கே இல்லை, வாசலில் நின்றிருக்கிறாள்.

அவளிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியலைடீ. உன் குரல் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "குரலா? மூஞ்சி தெரியாதா?"

மூஞ்சி தெரிகிறது. மூக்கு, கண், வாய் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அது யாருடையது என்பதைப் பின்னல், நடை, குரல், நிற்கும் இடம் இவற்றை வைத்துத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? அப்படித்தான் நினைத்திருந்தேன். மற்றவர்கள் கொஞ்சம் வேகமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான் என்று.

"இல்லைம்மா" என்றாள் வகுளா. "யாரும் அப்படிப் பண்றதில்லை."

நாற்பத்தாறு வயதில் இது எனக்குச் செய்தி.

ஆகஸ்ட் 7

லஸ் முனையில் கண் டாக்டர். கடைசி வரி வரை வாசித்தேன். "உங்க கண் என் கண்ணை விட நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ராயப்பேட்டையில் நரம்பியல் டாக்டர் மெஹபூப் அலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இவருக்கு அது பிடிக்கவில்லை. "வல்லாரைக் கீரை ஒரு மண்டலம் சாப்பிட்டாப் போறும்" என்றார்.

ஆகஸ்ட் 13

வகுளா கூட வந்தாள். டாக்டர் கேட்டபடி வீட்டு ஆல்பத்தையும் எடுத்துப் போயிருந்தோம்.

மெல்லிய மனிதர், அவசரப்படாதவர். முதலில் வீடுகள், நாற்காலிகள், பூக்கள் படம் காட்டினார். எல்லாம் சரியாகச் சொன்னேன். முகங்கள் காட்டி, யார் கோபம், யார் பயம் என்று கேட்டார். அதுவும் சரி. பிறகு ஓர் அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஆல்பத்துப் படங்களின் மேல் வைத்தார். தலைமுடி, காது, உடை, பக்கத்தில் நிற்பவர் ஒன்றும் தெரியாது. முகம் மட்டும்.

"இவங்க யாரு?"

"யாரோ என் ஸ்டூடண்ட்."

அட்டையை எடுத்தார். வகுளா.

"இவங்க?"

உற்றுப் பார்த்தேன். "தெரியலை. யாரோ... கொஞ்சம் மிடுக்கு ஜாஸ்திபோல இருக்கு இவளுக்கு."

அட்டையை எடுத்தார். நான்.

வகுளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். பார்ப்பது கண் இல்லை, மூளை. அதிலும் எல்லாவற்றையும் ஒரே இடம் பார்ப்பதில்லை. முகத்தை மொத்தமாகச் சேர்த்து 'இது இன்னார்' என்று சொல்லும் வேலைக்கு, தலையின் பின்பக்கம், அடியில், பெரும்பாலும் வலப்புறம் ஒரு பகுதி இருக்கிறது. பக்கவாதத்தில் அங்கே அடிபட்டவர்கள் சொந்த மனைவியையே குரல் கேட்டுத்தான் அறிகிறார்கள். கோபமா சிரிப்பா என்று படிப்பது வேறு வழியில் நடக்கிறது.

"உங்களுக்கு அடி ஒண்ணும் படலைம்மா. பிறந்ததிலேர்ந்தே அந்த இடம் அப்படித்தான்னு நினைக்கிறேன். இந்த மாதிரி நான் படிச்சிருக்கேன், நேர்ல பாக்குறது நீங்கதான் முதல் ஆள். எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுவோம்."

அதனால்தான் அன்று கடையில் கோமளத்தின் முகம் சுருங்கியதை நன்றாகப் பார்த்தேன். சுருங்கியது யார் முகம் என்பதுதான் தெரியவில்லை.

"மருந்து?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆள் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா என்னென்ன வழி வச்சிருக்கீங்களோ, அதெல்லாம்தான் மருந்து. இன்னும் ஒண்ணு இருக்கு, நீங்க அதைப் பண்ணிப் பாத்ததில்லை. வாயைத் திறந்து சொல்லிடுறது."

ஆகஸ்ட் 14

பாதி நாள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடந்தால் எதிரே வருகிற எல்லோருக்கும், "வாங்கோ, வாங்கோ, சௌக்கியமா?" என்பார். பால்காரர், நீதிபதி, ஊருக்குப் புதிதாக வந்தவர், எல்லோருக்கும் அதே குரல். 'தங்கமான மனுஷன்' என்று பெயர் எடுத்தார். பெயர் சொல்லி ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவருக்கும் இதுதானோ?

தெரியாத எல்லோரையும் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டார் அவர். தெரிந்த எல்லோரையும் தெரியாதவர் என்று வைத்துக்கொண்டேன் நான். தெருவில் போகிற ஆண்களுக்கெல்லாம் ஒரு பெண் "வாங்கோ, வாங்கோ" என்று சொல்ல முடியுமா? குனிந்து நடந்தேன். கர்வம் என்றார்கள்.

என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான் என்று நம்பினேன். நம்பிக்கை வீண் போகவில்லை.

ஆகஸ்ட் 17

ஸ்கேன் வந்துவிட்டது. ஒரு குறையும் தெரியவில்லையாம். சந்தோஷப்படுவதா?

பெசன்ட் நகரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இவர் பதறிப்போனார். "மூளைன்னு வாயைத் தொறக்காதே! கண்ணுல பவர் ஏறியிருக்கு, கண்ணாடி மாத்தலைன்னு சொல்லு. கதை முடிஞ்சுது."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைக்கனம் என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மூளை என்றால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். அது ஊருக்குள் பரவினால் அடுத்த ஜாதகமும் வராது. இதில் அப்பா பேச்சையும் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கண்ணாடி என்று சொன்னால்? புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்த மாதமே கோமளத்தை மறுபடி தாண்டிப் போவேன். அப்போது வகுளா அந்த வீட்டில் இருப்பாள். அடி அவளுக்கு விழும்.

வகுளாவைக் கேட்டேன். ஆல்பத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு, "சொல்லிடும்மா. போனாப் போறது" என்றாள். 'போனாப் போறது' என்று சொன்ன குரல் அவளுடையதாகவே இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தனியாகப் போனேன். 'வராதே' என்று சொல்லிவிடுவார்களோ என்று போன் செய்யவில்லை.

கதவைத் திறந்தவள் தலை குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். சமையலறை வாசலில் இன்னொருத்தி. இருவரும் 'வாங்கோ' என்று சொல்லவில்லை. பேசாமல் பார்த்தார்கள். ஒரு சொல் பேசியிருந்தால் எனக்குப் போதும்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "உங்க ரெண்டு பேர்ல கோமளம் மாமி யாருன்னு எனக்குத் தெரியலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

துண்டு சுற்றியவள், "நான்தான்" என்றாள். கனத்த குரல். சமையலறை வாசலில் நின்றவள் பெங்களூரிலிருந்து வந்திருக்கும் தங்கை.

டாக்டர், அட்டை, வகுளாவின் டான்ஸ் எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். "கதையா இருக்கேக்கா!" என்றாள் தங்கை. கோமளம் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். திரும்பி வந்தபோது இருவர் தலையிலும் துண்டு, இருவர் மேலும் போர்வை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். என்னைச் சோதிக்கிறார்களாம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

இடப்பக்கம் நின்றவளைக் காட்டி, "நீங்கதான் கோமளம் மாமி" என்றேன்.

தங்கை துண்டைப் பிடுங்கி எறிந்தாள். "அக்காவுக்கு என்னை விடப் பத்து வயசு ஜாஸ்தி! கிழவியாட்டமா இருக்கேன் நான்?"

கோமளம் சோபாவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உண்மைதான்டீ, இவாளுக்கு நெஜமாவே தெரியலை" என்று தங்கையிடம் சொன்னாள். எனக்குக் காபி வந்தது.

பிறகு சிரிப்பு அடங்கி, "இது வம்சத்துல வருமா?" என்று கேட்டாள்.

டாக்டரைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, என் அப்பாவுக்கு இருந்திருக்கலாம், வகுளாவுக்கு இல்லை என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அவரைக் கேட்டுண்டு சொல்றேன்" என்றாள் கோமளம். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 21

போன் வரவில்லை. இவர் என்னோடு பேசுவதும் இல்லை.

ஆகஸ்ட் 23

இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் போன். "நான்தான் கோமளம் பேசறேன்" என்றாள். போனில் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

"இவருக்குத்தான் மனசாகலை. நாளைக்குப் பேரன் பேத்திக்கு வந்தா என்ன பண்றதுன்னார். பரத்வாஜ் சொன்னான்: 'வந்தா வரட்டும், பேரைச் சொல்லிட்டுப் பேசறோம். நம்மாத்துல எல்லாருக்கும் மூஞ்சி நன்னாத்தான் தெரியறது, பாதிப் பேரோட பேச்சு வார்த்தை இல்லையே'ன்னான். இவர் வாயை மூடிண்டுட்டார்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேட்டுக்கோங்கோ. நிச்சயதார்த்தத்துக்கு நான் வெங்காயச் சருகுக் கலர். கண்ணாடி போட்டுண்டு வரேன், கழட்ட மாட்டேன். உங்களுக்குக் கர்வம்னு அடையார் பூரா சொல்லி வச்சிருக்கேன், இனிமே ஒவ்வொருத்தரா மாத்திச் சொல்லணும். அது வேற வேலை எனக்கு."

வகுளாவிடம் சொன்னேன். சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

1997 ஜனவரி 27

கல்யாணம் முடிந்தது. உடம்பெல்லாம் வலி.

கல்யாண வீட்டில் எனக்கு என்றைக்கும் பயம் ஒரே கேள்விக்குத்தான். கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியறதா? யாரு சொல்லு பாப்போம்!" நேற்று ரிசப்ஷன் வாசலில் ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டாள். நான் விழிக்கிறேன். பக்கத்திலிருந்து கனத்த குரல்: "தெரியாது மாமி. இவாளுக்கு என்னையே தெரியாது. பேரைச் சொல்லிட்டு உள்ள போங்கோ, பாதாம்கீர் ஆறிடும்."

இவருடைய சொந்த அத்தையாம். கோபித்துக்கொள்ளவில்லை. கீர் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையும் அலங்காரமுமாக மேடையில் நின்றவளை நான் அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்று வகுளா நினைத்தாளோ என்னவோ, நான் படியேறியதும், "அம்மா, நான்" என்றாள். மணப்பெண் வேறு யாராக இருக்க முடியும்? ஆனாலும் சொன்னாள்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தது. புது பதினொன்று பி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றேன். ஒரே ஒரு சட்டம்தான்: பேசுவதற்கு முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். காரணத்தையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "மிஸ், அனன்யா. அப்போ வேற பேர் சொன்னா என்ன பண்ணுவீங்க மிஸ்?"

"கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றேன். அது பொய்யில்லை.

ஆசிரியர் அறையில் ஆங்கில ஆசிரியை, "மிலிட்டரிக்கு என்ன ஆச்சு?" என்றாளாம். இதை என்னிடம் வந்து சொன்னது யார் என்று எனக்குத் தெரியவில்லை. புடவை பச்சை.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் எலியட்ஸ் பீச். வகுளாவையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டிலிருந்து நானும் இவரும் நடந்து போனோம். கோமளம் கோயிலுக்குப் போய்விட்டு நேரே மணலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மாதா கோயிலிலிருந்து வருகிறவர்கள் வேறு. இவர் சுண்டல் வாங்கப் போனார்.

தூரத்தில் ஒரு பெண், கையை வாயருகே குவித்துக்கொண்டு, "கோமளம்! கோமளம்!" என்று கனத்த குரலில் கூப்பிட்டபடியே வந்தாள். குழந்தையைத் தொலைத்துவிட்டாளோ என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பலூன்காரர், "இன்னாம்மா, எந்தக் கலர் கவுனு போட்டுக்கினு இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் கையை உயர்த்தினேன்.