கெஸ்பானின் எண்ணெய்க்கு விழுந்த பெரிய வட்டம்

கராகயா,
செப்டம்பர் மூன்றாம் வாரம்

என் கண் நெர்மினுக்கு,

உன் இரண்டு கண்ணிலும் முத்தம் வைத்து அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இருமலையும் என் வயிற்றெரிச்சலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் எல்லாரும் நலம், ஆடுகளும் நலம், அங்கே நீயும் கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நலமாக இருக்க அல்லா துணை. போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார், அவர் காதில் விழுந்தால் டீக்கடையில் விழுந்த மாதிரி, டீக்கடையில் விழுந்தால் உன் சித்தி கெஸ்பான் வீட்டு அடுப்பங்கரையில் விழுந்த மாதிரி. இது அவளைப் பற்றிய பேச்சு. அதனால்தான் பேப்பரில் எழுதிச் சாக்ஸுக்குள் சுருட்டிவைத்து, ஹாம்பர்க் திரும்பும் நம் ஊர் ஹிக்மெத் கையில் பார்சலோடு கொடுத்து அனுப்புகிறேன்.

போன வருஷம் லீவு முடிந்து கிளம்பும்போது என்னிடம் ஒரு குப்பி, சித்தியிடம் ஒரு குப்பி என்று நம் மலைச்சரிவில் விளையும் கெக்கிக் தழையில் வடித்த எண்ணெய் வாங்கிக்கொண்டு போனாயே, அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் வடித்த எண்ணெய் இருக்கும்போது ஓரகத்தி வடித்தது எதற்கு என்று கேட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க என்றாய். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பிட்டும் பார்த்துவிட்டாய். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைத் தட்டில் வளர்த்து நடுவில் எண்ணெய் தோய்த்த சின்ன வில்லையை வைத்தால், கிருமி செத்து ஒதுங்கிய இடம் வட்டமாகத் தெரியும், வட்டம் எவ்வளவு பெரிதோ எண்ணெய் அவ்வளவு வீரியம் என்று நீதான் விளக்கினாய். விளக்கியதோடு விட்டாயா, படமும் அனுப்பினாய். தட்டில் முக்கால்வாசி வட்டம், மூடியில் கறுப்பு மையில் அவள் பெயர், கெஸ்பான். என் எண்ணெய் வைத்த தட்டின் படத்தை அனுப்பவே இல்லை. நான் நோவேன் என்று அனுப்பவில்லை, எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் நோகிறது.

நீயே நியாயம் சொல். உன் பாட்டி கண்ணை மூடும் முன் ஊற்றுப் பக்கத்துச் சரிவை மூத்த மருமகள் எனக்கும், நெருப்பாய்க் கொளுத்தும் பாறைச் சரிவைக் கெஸ்பானுக்கும் பிரித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவள் மூக்கைச் சிந்தினாள், நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஒவ்வொரு வருஷமும் பூ விடுவதற்கு முன்னால், விடிகிற பனியோடு, தழை இளசாக இருக்கும்போதே அறுத்து, செம்புக் கொப்பரையில் மெல்லிய தீயில் வடிக்கிறவள் நான். என் எண்ணெயை முகர்ந்துவிட்டு இஸ்மிர் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவளோ வெயில் ஏறும்வரை தூங்குவாள், இன்றைக்கு நாளைக்கு என்று ஆடி அசைந்து, செடி முழுக்கப் பூத்துத் தேனீ மொய்த்த பிறகு, நடு வெயிலில் போய் அறுப்பாள். அந்த எண்ணெய் ஒரு துளி நாக்கில் பட்டால் ஓமத்தை அள்ளி மென்ற மாதிரிக் காந்தும், வியாபாரி அதை ஆட்டு மருந்து என்பான். இப்போது நீ என்ன சொல்கிறாய், வெயிலும் பூவும் சேர்ந்தால்தான் கிருமியைக் கொல்லும் சத்து செடியில் ஏறுகிறதாம். ஆக, அவள் தூங்கியதற்குப் பரிசு. நான் பனியில் விறைத்ததற்கு வெறும் வாசனை.

சேதி ஊரில் பரவிய மறுநாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. ரொட்டி சுட எல்லாரும் கூடும் பொது அடுப்புக்கு அவள் வந்தால் பெண்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். காலிக் குப்பியோடு அவள் வாசலில் ஆள் நிற்கிறது. அவள் புருஷன் யாஷார் டீக்கடையில் உட்கார்ந்து, ஜெர்மன்காரனே எங்க வீட்டு எண்ணெயத்தான் கேக்குறான், டாக்டருங்க எல்லாம் இனிமே கடைய மூட வேண்டியதுதான் என்கிறான். உன் அப்பா தம்பிக்காகத் தலையை ஆட்டுகிறார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, என் குப்பிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். அழுதேன் என்று எழுதினால் சிரிப்பாய், ஆனால் அழுதேன்.

இது வெறும் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். ஜூலையில் எண்ணெய் வடிக்கும்போது கொப்பரை மூடி நழுவி அவள் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை. புண் ஆறாமல் கசியத் தொடங்க, மிலாஸ் ஆஸ்பத்திரியில் பஞ்சில் தொட்டெடுத்துச் சோதித்து, இது வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி, தினமும் ஊசிக்கு வா என்றார்கள். ஒரு வாரம் போனாள். உன் படம் வந்ததும் நின்றுவிட்டாள். தட்டுல செத்த கிருமி என் கால்ல சாகாதா என்று சொல்லி, பச்சை எண்ணெயை அப்படியே புண்ணில் ஊற்றிக் கட்டுகிறாள். நீ போனில் சொன்னதில் பாதிதான் ஊருக்குப் போனது. மீதிப் பாதி எனக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது: தட்டு வேறு உடம்பு வேறு, கிருமியைச் சுடுவது சதையையும் சுடும், எத்தனை துளியை எதில் கலந்து வைத்தால் ஆளுக்குக் கெடுதல் இல்லை என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் இவ்வளவு வேலையும் என்றாய்.

ரொட்டி அடுப்பின் முன்னால் எல்லாரும் இருக்கும்போது அதை அப்படியே சொன்னேன். கெஸ்பான் மாவுக் கையைத் தட்டிக்கொண்டே, ஏன்க்கா, உன் எண்ணெய் ஜெயிச்சிருந்தா இதே பேச்சுப் பேசுவியா என்றாள். எல்லாரும் குனிந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஹனிஃபே என் தோளைத் தட்டி, விடு ஜெலிஹா, மனசு எரியுதுன்னா ஒரு கிளாஸ் மோர் குடி என்றாள். மகளே, என் பொறாமை ஊரறிந்தது, அதனால் என் வாயிலிருந்து வருகிற உண்மைக்கும் பொறாமை என்றே பெயர். அவள் எழுந்து போகும்போது காலை இழுத்துக்கொண்டு போனாள், கட்டுத் துணியிலிருந்து வந்த நாற்றம் கெக்கிக் வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது. நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிஷம், இவளுக்குக் கால் போனால் நான் யாரோடு மல்லுக்கட்டுவது என்று நினைத்தேன்.

அவளை எனக்குத் தெரியாதா. பயமுறுத்தினால் முறுக்கிக்கொள்வாள், தூக்கிவைத்தால் சொன்னபடி கேட்பாள். மறுநாள் அதே அடுப்பின் முன்னால் போய், தலையில் முக்காடைச் சரிசெய்துகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நெர்மின் பேசினா, கெஸ்பான் எண்ணெய் ஒரு சொட்டு வீணாகக் கூடாதாம், மொத்தத்தையும் ஆராய்ச்சிக்கு அனுப்பணுமாம், என்னோடது வேணாம்னுட்டா. அப்புறம் கெஸ்பான் கால்ல இருக்கிற கிருமியும் பெரிய கிருமியாம், அத ஆஸ்பத்திரியில எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பணுமாம், புண்ணுல எண்ணெய் பட்டா கிருமி கெட்டுப்போயிடுமாம். என்னோடது வேண்டாம் என்ற வார்த்தையைச் சொல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள். நான் தோற்றேன் என்று என் வாயாலேயே சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண்கூட அந்தக் களைக்கு முன்னால் நிற்க முடியாது. அன்று மாலையே குப்பிகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் நானே கூட்டிக்கொண்டு மிலாஸ் போனேன். கட்டைப் பிரித்ததும் அந்தச் சின்ன டாக்டரம்மா முகம் சுளித்து, எண்ணெய் கிருமிய என்ன பண்ணுச்சோ தெரியல, தோல நல்லா வேகவெச்சிருக்கு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எலும்புக்கு எறங்கியிருக்கும் என்றார். வெந்த சதையை வெட்டி எடுத்து, படுக்கையில் போட்டு, நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். கால் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தது நான்தான். வார்டு முழுக்க, என் எண்ணெயும் கிருமியும் ஜெர்மனிக்குப் போவுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நான் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது திடீரென்று, எனக்கு ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க, ஒருத்தனாவது என் பேர எதுலயாச்சும் எழுதினானா, உன் மகதான்க்கா எழுதினா, எண்ணெய நீ எடுத்துக்க, அவள எனக்குக் குடுத்துடு என்றாள். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பார்த்தால் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் நான் மட்டும்தான் எரிகிறேன் என்றிருந்தேன். ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

ஆகையால் நான் சொன்ன பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும். பார்சலில் கம்பளிச் சாக்ஸ் சுற்றியிருப்பதெல்லாம் அவள் குப்பிகள், நன்றாகப் பயன்படுத்து, சொட்டு விடாதே. அவள் கிருமி பத்திரமாக வந்துசேர்ந்ததா என்று கேட்டால் சேர்ந்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு. யாரும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றக் கூடாது என்பதை மட்டும் நீயே அவளுக்குப் போன் போட்டுச் சொல், நீ சொன்னால் ஊர் கேட்கும். ஆனால் நீளமாகப் பேசாதே. எனக்கு முன்னால் அவளுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லாதே. தர்ஹானா மாவு வைத்திருக்கிறேன், சூப் காய்ச்சும்போது கைவிடாமல் கிளறு. கண்ணேறு படாமலிருக்க வைத்திருக்கும் நீலக் கண்மணியை ஆராய்ச்சிக் கோட்டின் உள்பக்கம் குத்திக்கொள், உன் மேல் கண் வைக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறோம். அல்லா உன் கையில் பட்டதையெல்லாம் நன்மையாக்கட்டும், நல்லவர்களை உனக்கு முன்னால் நிறுத்தட்டும்.

பார்சலின் அடியில், சிவப்புச் சாக்ஸுக்குள் ஒரே ஒரு குப்பி இருக்கும். அது என்னுடையது, இந்த வருஷத்தது, பூ விடும் முன் அறுத்ததுதான், மாற்றவில்லை. வட்டம் சின்னதாகத்தான் விழும், விழாமலும் போகலாம், தட்டு முழுக்கக் கிருமி பிழைத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. அதன் மூடியில் என் பெயரை எழுதி ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்னைப் பெற்றவள்,
ஜெலிஹா