ஏழாம் எண் ஆம்புலன்ஸ்

மார்ச் 4, புதன்

ராணுவத்திலிருந்து கடிதம். பின்வாங்கும்போது விட்டுவிட்டு வரும் வண்டியோ ஆயுதமோ எதிரிக்குப் பயன்படக் கூடாது என்ற விதிகளைத் திருத்தி எழுதுகிறார்களாம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஆற்றங்கரை முகாமைக் காலி செய்தபோது நடந்ததை நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். அங்கே மெக்கானிக்காக இருந்தவர்களில் மிஞ்சியது நான் ஒருவன்தான்.

மனைவி சிரிக்கிறாள். "போய்ட்டு வாங்களேன். என்கிட்ட சொன்ன கதையையே இனி அவங்களும் கேக்கட்டும்."

இந்தக் கதையை அவளிடம் சொன்னதே இல்லை.

மார்ச் 5

நாள் முழுக்க அந்த முகாம்தான் கண்ணுக்குள். தகரக் கொட்டகை, வரிசையாகப் பதினான்கு வண்டிகள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது எந்த வண்டி என்று சொல்வேன். ஏழாம் எண் ஆம்புலன்ஸை ஓட்டியது என் கூட்டாளி மொட்டை. குளிர்காலக் காலையில் அதன் பானெட்டில் கையைச் சூடேற்றிக்கொள்வான், டீ கிளாஸையும் அங்கேயே வைப்பான்.

"பேசாம அதையே கல்யாணம் பண்ணிக்கோடா" என்பேன்.

"உன் வாய்க்கு அதோட ஹாரனே தேவலை" என்பான்.

எவ்வளவு சிரித்தோம்!

மார்ச் 9

எழுதிவிட வேண்டியதுதான். முகாமை விட்டுக் கிளம்பும் முன் எல்லா வண்டிகளையும் அழித்துவிட உத்தரவு.

எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அலறும், பிறகு இறுகிவிடும். கூடவே எல்லா வண்டியிலும் ஒரே பாகத்தை உடைக்க வேண்டும். ஆளுக்கொரு பாகமாக உடைத்தால், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டிவிடுவான் எதிரி.

பதின்மூன்று முடிந்தது. ஏழாம் எண்ணுக்கு முன்னால் மொட்டை நின்றான்.

"டேய், ஊர் ஆஸ்பத்திரியில நகர முடியாதவங்க கிடக்காங்கடா. சாவியை நர்ஸம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடலாம்."

"எல்லா வண்டியும்னா எல்லா வண்டியும்தான். நகரு!"

தள்ளிவிட்டேன். நான்தான். இந்தக் கையால்தான். அந்த எஞ்சின் மட்டும் சீக்கிரம் அடங்கவில்லை. அவ்வளவு நன்றாக வைத்திருந்தேனே.

அன்றோடு பேச்சு நின்றது. மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறான். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மார்ச் 12

அலுவலகத்தில் ஒரு பெண் கேப்டன். என் மகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காலத்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"மருத்துவ வண்டியை அழிக்கக் கூடாதுன்னு அப்பவே இருக்கே சார். ரெண்டாவது பக்கத்துல."

"எங்களுக்கு முதல் பக்கத்தோட நகல் மட்டும்தாம்மா கொடுத்தாங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இனிமே இது முதல் வரியா வரும் சார். நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 13

மொட்டையைப் பார்க்கலாமென்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 15

போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். ஒரு நிமிடம் திகைத்து, "உள்ள வாங்கண்ணா" என்றாள். மொட்டை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், தலைநிமிரவில்லை.

"நீ சொன்னதுதான்டா சரி. விதியிலேயே அப்படித்தான் இருந்திருக்கு."

"விதியெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஆளுங்க கிடந்தாங்க. வண்டி இருந்துச்சு. அவ்வளவுதான்."

இன்னொரு வெங்காயத்தை எடுத்தான்.

"அப்புறம் என்னாச்சுன்னு என்னைக்காவது விசாரிச்சியா? நான் விசாரிச்சேன். தள்ளுவண்டியில வச்சுக் கொண்டுபோனாங்களாம். ரெண்டு பேர் வழியிலேயே போயிட்டாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. எந்த முகத்தோடு நான் கேட்பது?

மார்ச் 22, ஞாயிறு

காலையில் வாசலில் மொட்டை. உள்ளே வரவில்லை, உட்காரவில்லை.

"மருமகன் ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேங்குது. வந்து என்னன்னு பாரு."

ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். முழங்கால் வலியில் நான் பின்தங்கிவிட்டேன். தெருமுனையில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தான்.