சந்தனம் காயாத பிஸ்டல்

ஆயுத பூஜை, புதன் இரவு.

தூக்கம் வரவில்லை. ஸ்டேஷனில் பூஜை முடிந்ததும், சந்தனம் குங்குமம் வைத்த துப்பாக்கிகளைத் துடைத்து உள்ளே வைக்கும் வேலை எனக்கு. கடைசி பிஸ்டலில் சந்தனம் காயவில்லை. கையிலிருந்து வழுக்கிவிட்டது.

பயிற்சியில் எத்தனை தடவை சொன்னார்கள். "விழுந்தா விழட்டும்மா. பிடிக்கப் போனா விரல் நேரா ட்ரிகர்லதான் மாட்டும்." எனக்குத் தெரியாதா? ஆனால் சாமி முன்னால் வைத்து எடுத்ததைத் தரையில் விடலாமா? கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது. விரல் ட்ரிகர் மேல். குழல் என் வயிற்றுக்கு நேராக.

ஏட்டையா ஓடி வந்து வாங்கினார். "காலையிலயே குண்டெல்லாம் நாந்தான் எடுத்தேன். பயப்படாதம்மா" என்று எனக்குக் காட்டுவதற்காக பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளே தங்கியிருந்த ஒரு குண்டு தெறித்து விழுந்தது. அதைப் பிடிக்க அவர் கையும் நீண்டது.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நாளைக்கு நானே சொல்லிடுறேன்" என்றார். சொல்வாரா? சொல்லாவிட்டால் நான்...

விழிதியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பொரி கொண்டாரலியா?" மறந்துவிட்டேன் என்றேன்.

இவர் தூங்கியபின் சீப்பை எடுத்து, வேண்டுமென்றே நழுவவிட்டுப் பார்த்தேன். பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பத்து தடவைக்கு மேல் போட்டிருப்பேன். தரையில் ஒருமுறைகூடச் சத்தம் கேட்கவில்லை.