குளிரில் வைத்த போத்தல்

09.03.82, செவ்வாய்
கடும் வெயில். இன்றிலிருந்து நடப்பதை ஒளிக்காமல் எழுதுவேன். எனக்குப் பாதகமானதையும்.

பூவரசங்குளத்திலிருந்து அப்பா எங்கள் நாய் கறுவலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உண்ணிக் காய்ச்சல். மூக்காலும் பல் முரசாலும் இரத்தம். மாமா இங்கே வவுனியாவில் மிருக வைத்தியசாலையில் உதவியாளர். படிப்புக்காக நான் இருப்பதும் அவர் வீட்டில்தான், வைத்தியசாலைக்குப் பின்பக்கம்.

வயலில் நெல் அருவி வெட்டு நடக்கிறது, அப்பா நிற்க முடியாது. “பிள்ளை, நீ படிச்சனி. பாத்துக்கொள்.”

கறுவலுக்குக் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவாம். விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்தேன்: குருதியை உறையச் செய்பவை. மூன்றே வரி. அவற்றை மட்டும் பிரித்தெடுக்க இங்கே மெஷின் இல்லை. முழு இரத்தம்தான் ஏற்றவேண்டும்.

10.03, புதன்
கடைக்காரரின் நாய் சிங்கனிடம் இரண்டு போத்தல் இரத்தம் எடுத்தார்கள். ஒன்று உடனே ஏற்றியாயிற்று. மற்றது நாளை விடிய.
மூக்கில் இரத்தம் நின்றது! வாலை ஒருமுறை ஆட்டினான்.
மாமா தேத்தண்ணிக்குப் போயிருந்தார். மேசையில் போத்தல். என்ன வெக்கை! பால் என்றால் இந்நேரம் பழுதாகியிருக்கும். தடுப்பூசி வைக்கும் பிறிட்ஜுக்குள் எடுத்து வைத்தேன். நல்ல வேளை, கண்டேன்.

11.03, வியாழன்
காலை டொக்டர் பிறிட்ஜைத் திறந்தார்.
“ஆர் இதுக்குள்ள வைச்சது?”
மாமா என்னைப் பார்த்தார். என் முகத்தில் தெரிந்திருக்கும்.
“நான்தான் சேர். மறந்துபோனன்,” என்றார் மாமா.

போத்தலை மேசையிலேயே வைத்து இடைக்கிடை மெல்ல ஆட்டும்படி டொக்டர் மாமாவிடம் சொல்லியிருந்தாராம். காணவில்லை என்றதும், டொக்டர் கொண்டுபோய்விட்டார் என்று மாமா இருந்துவிட்டார். டொக்டர் கத்தவில்லை, விளக்கினார்: குளிரில் இருந்த சிறுதட்டுக்கள் ஏற்றியவுடன் வேலை செய்யும், உடம்பில் தங்காது. வெளியில் வைத்தவை என்றால் சில நாள் நிற்கும். “வேற என்ன செய்யிறது, இதையே ஏத்துவம்.”

7.30 ஏற்றத் தொடக்கம்.
9.00 முரசில் இரத்தம் இல்லை. பிள்ளையாரே!
பள்ளிக்கூடம் பிந்திப் போனேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.
2.15 திரும்ப மூக்கால்.

சிங்கனிடம் இனி ஒரு மாதத்துக்கு எடுக்கக்கூடாது. வேறு நாய் தேடி ஆறு வீடு. எல்லாம் எலும்பும் தோலும். ஒரு வீட்டு அக்காவிடம் மட்டும் கொழுத்த நாய்.
“உன்ர ஊர் நாய்க்கு எங்கட ரொமியின்ர இரத்தமோ? உன்ர கையில எடுத்துக் குடன்!”
உள்ளே யாரோ சிரித்தார்கள். கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏலுமென்றால் கொடுத்திருப்பேன்.

12.03, வெள்ளி
முகில். மழை இல்லை.
கறுவல், காலை பத்து மணிக்கு. நான் வகுப்பில். கேத்திர கணிதம்.

பின்னேரம் அப்பா வந்தார். சாக்கைத் தானே விரித்தார்.
“வயலுக்குக் காட்டுப்பண்டி வந்தா முதல் குரைக்கிறது இவன்தான். உன்னை நம்பித்தானே விட்டனான், மச்சான். மறந்துபோனன் எண்டுறாய்.”
“ஓம் அத்தான். என்ர பிழைதான்.” மாமா நிலத்தைப் பார்த்தபடி.
அப்பா என் தலையைத் தடவினார். “பிள்ளை பாவம். வெயிலுக்குள்ள வீடு வீடாத் திரிஞ்சதாம்.”
சொல்ல வாயைத் திறந்தேன்.
“தேத்தண்ணி போடவோ அப்பா?” என்றுதான் வந்தது.

கடைசி பஸ்ஸில் போய்விட்டார். மடியில் சாக்கு.

நான்தான் வைத்தேன். இங்கே எழுதியாயிற்று. அப்பா இதைப் படிக்கப்போவதில்லை. மாமா வைத்தியசாலையைப் பூட்ட வந்தார், நான் எழுதிக்கொண்டிருக்கவே லைற்றை நிறுத்திவிட்டார்