வெறும் எலி

ஆடி, செவ்வாய்க்கிழமை.

 மருந்தை ரத்தத்துல இருந்து மூத்திரத்துக்குத் தள்ளுத புரதம் ஆண் எலியோட கிட்னியில நிறைய இருக்கு, பெண் எலிக்குக் கம்மி, அதனால மருந்து அது உடம்புலயே தங்கிருது. ஆண் ஹார்மோன்தான் காரணம். என் ஆராய்ச்சியில வந்ததே இதுதான். கைடு பார்த்துட்டு, "பொட்டை எலி ரிசல்ட்டத் தூக்கிரும்மா, கிராஃப் அசிங்கமா இருக்கு. பேப்பர்ல வெறும் எலின்னு போடு"ன்னார்.

"அப்போ அதுகளக் கொன்னது எதுக்கு சார்?"னேன்.

"மெயினருவில தண்ணி நல்லா விழுதாம்"னு துண்டைத் தோள்ல போட்டுக் கிளம்பிட்டார். அறுத்த நாத்தம் இன்னும் என் கையில இருக்கு.

வீட்டுக்கு வந்தா, சுகர் மாத்திரை போட்டதுல இருந்து கிறக்கமா வருதுன்னு அம்மா படுத்திருக்கா. அப்பாவுக்கும் அதே மாத்திரை, அதே அளவு. அவர் திடமா இருக்கார்.

அந்த அளவையும் முதல்ல ஏதோ வெறும் எலிக்குத்தான் பார்த்திருப்பாங்க.