வேனை விற்பதாக இல்லை

சிடாம் கிரி, கெடா,
மாசி மாதம்.

அன்பு மகன் வசந்தனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மருமகள் சாந்தினியும் மழையில் நனையாமல் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

யான் ஊரில் ஒரு மலாய் வாத்தியாரிடம் நான் வாங்கிய மோட்டார்ஹோமை, உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள அந்த வேனைக் குப்பை வண்டி என்றாய். அதற்கும் உனக்கும் ஒரே வயதுதான், உன்னை நாங்கள் யாரும் குப்பை என்று சொன்னதில்லை. ரப்பர் பால்மரம் சீவிய காலத்தில் தோட்டத்து லாரி போன தூரம்தான் உன் அம்மா பார்த்த உலகம், அவளுக்குக் கடலோரமாகவே கிளந்தான் வரை போக ஆசை. நீயோ, அம்மாவின் இன்சுலின் கெடாமல் அந்த வேனில் ஐஸ்பெட்டி ராத்திரி முழுக்க ஓட வேண்டும், மாசி முடிவதற்குள் ஓடாவிட்டால் வேனை விற்றுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆக்லாந்துக்கே வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டாய். கோபத்தில்தான் சரி என்றேன், ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து நான் பின்வாங்குகிறவன் இல்லை. போன தடவை வந்தபோது உன் வீட்டுச் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த வேலையை இனி ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சரி என்றேன்.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவனுக்கு ஒயரிங் யாரும் சொல்லித் தரவில்லை, நானே பிரித்துப் பார்த்து, நானே ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். கூரைமேல் இரண்டு சோலார் பேனல் போட்டேன், பழைய ஈய பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் வைத்தேன், அதற்குத் தகுந்தாற்போல கண்ட்ரோலரை மாற்றி பியூஸும் போட்டேன். நீ சொல்லித்தான் செய்தேன் என்று எண்ணிக்கொள்ளாதே, நீ சொல்வதற்கு முன்பே செய்துவிட்டேன். பொங்கலன்று பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். எல்லாரும் முன்கண்ணாடிக்குத் திருநீறு பூசுவார்கள். வேனுக்குச் சோறு போடப் போவது பேனல்தானே என்று நான் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பேனலுக்கும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, குழைத்த திருநீற்றை மூன்று பட்டையாக நிறைவாகப் போட்டேன்.

கடையில் பேட்டரிக்கு ஏற்றிக் கொடுத்த மின்சாரம் தீரும்வரை ஐஸ்பெட்டி ஓடியது. அதற்குப் பிறகு விடிந்து பார்த்தால் ஐஸ் கிண்ணத்தில் தண்ணீர்தான். பேட்டரி விற்ற ரிஸாலை வரவழைத்துத் திட்டினேன், அவன் சோதித்துப் பார்த்துவிட்டு, அண்ணே, பேட்டரி நல்லாதான்லா இருக்கு, மேலேருந்து கரண்ட் எறங்கவே மாட்டேங்குது என்றான். கேபிள் முழுவதையும் பிரித்து மறுபடி போட்டேன். பேனலை ஏதாவது மறைக்கிறதா என்று நீயும் போனில் கேட்டாய். கெடாவில் இப்போது கோடை, வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது, வேன் நிற்பது நடு வெயிலில், மறைக்க என்ன இருக்கிறது என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

எதிர்வீட்டு உமாராணி மாடியில் துணி காயப்போட வந்தவள் அங்கிருந்தே கத்தினாள், மாமா, ஒங்க வேன் மேல ரெண்டு சாமியாருங்க படுத்திருக்கிற மாதிரி இருக்குலா என்று. உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஏங்க, மேல இவ்ளோ பட்டையப் போட்டா அது எப்படிங்க வெயிலக் குடிக்கும் என்றாள். சூரியனும் சாமிதான், திருநீறு அவருக்கு மறைக்காது என்றேன். பூசியது நான், பூசிய திருநீற்றைத் துடைக்கிற வழக்கம் என்னிடம் இல்லை, மழை வந்து கழுவட்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஆமா, மழ வர்றதுக்குள்ள மாசி போயிரும், அங்க போயி சன்னலப் பாத்துக்கிட்டு உக்காருவோம் என்றவள், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நம் வீட்டு ரோஜாச் செடி கூரைமேல் இல்லை என்பது உனக்கே தெரியும். எதற்கு ஏறுகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏணியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அவளுக்கு முழங்கால் வலி.

மறுநாள் காலை ஐஸ் கல் மாதிரி இருந்தது, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. என் ஒயரிங்கில் குறை இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன். உன் அம்மா வீட்டு ஐஸ்பெட்டியிலிருந்த இன்சுலினை எடுத்துப்போய் வேனில் வைத்தாள். புறப்படுவதற்கு முன் மறுபடி திருநீறு பூசினேன், இந்தத் தடவை பேனலைச் சுற்றியிருக்கும் அலுமினியச் சட்டத்தில். இடம் மாற்றியது என் சொந்த யோசனை.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, சாந்தினியிடம் குரலை உயர்த்தாதே, அந்தக் குணம் உனக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ முருகன் துணையிருப்பான். எங்களுக்கு டிக்கெட் விலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய், பார்த்ததோடு நிறுத்திக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பரஞ்சோதி.

மறக்காமல் உறையைக் குப்பையில் போடுவதற்கு முன் தபால் முத்திரையைப் பார். இதை எழுதியதுதான் சிடாம் கிரியில், பெட்டியில் போடப் போவது கிளந்தானில்.